கடலில் ஒரு மின்சாரக் கணக்கு

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

கரையில் வாழும் நமக்கு மின்சாரம் என்பது சுவரில் உள்ள ஒரு சிறு பொத்தான்தான். அழுத்தினால் விளக்கு எரிகிறது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து அளவைக் குறித்துக்கொண்டு போகிறார். அந்த மின்சாரம் எங்கே பிறந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கத்தில் நெய்வேலியோ கல்பாக்கமோ இருந்துகொண்டு நம்மைக் காப்பாற்றுகிறது.

ஆனால் கம்பி எட்டாத வீடுகளும் உலகில் உண்டு. மேலை நாடுகளில் வேன் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவர்கள் இருக்கிறார்கள். பாய்மரப் படகிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது விருப்பம். நம் கடற்கரையிலோ பிழைப்புக்காகப் படகிலேயே சமைத்து, உண்டு, உறங்கி, நாட்கணக்கில் கழிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதைத் ‘தங்கு கடல்’ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் படகு ஒரு வீடு. அதற்கு வேண்டிய அரிசி, தண்ணீர், டீசல், ஐஸ் எல்லாவற்றையும் கரையிலிருந்தே கொண்டு போக வேண்டும். மின்சாரத்தை மட்டும் கொண்டு போவதோடு, வழியில் கதிரவனிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு வாங்கலாம்? எத்தனை தகடு வேண்டும்? எவ்வளவு பெரிய மின்கலம் வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய கதையைத்தான் நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மாமாவின் கேள்வி

என் தாய்மாமன் நாகைப் பக்கத்தில் ஒரு வழிவலைப் படகில் தொழில் செய்கிறார். படகில் எட்டுப் பேர். ஒருமுறை போனால் கரை திரும்ப ஏழு நாள் ஆகும். மாலையில் வலையை விட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இரவு முழுவதும் படகு வலையோடு சேர்ந்து நீரோட்டத்தில் மிதக்கும்.

அப்படி மிதந்த ஒரு கார்த்திகை இரவில் அவர்கள் படகின் மின்கலம் வற்றிப்போயிற்று. முதலில் விளக்கு மங்கியது. பிறகு வயர்லெஸ் ஊமையாயிற்று. உச்சி விளக்கும் அணைந்த பிறகு, அவ்வழியே வந்த சரக்குக் கப்பல் ஒன்றுக்குத் தாங்கள் இருப்பதை அறிவிக்க, கைவிளக்கைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே நின்றார்களாம். கப்பல் விலகிப் போயிற்று. விடிந்ததும் இயந்திரத்தைக் கிளப்பப் பார்த்தால் அது அசையவில்லை. விளக்குக்கும் வயர்லெசுக்கும் இயந்திரத்தைக் கிளப்புவதற்கும் அந்த ஒரே மின்கலம்தான்! நண்பகலில் வேறொரு படகு வந்து மின்கலம் இரவல் கொடுத்த பிறகே அவர்கள் கரை சேர்ந்தார்கள்.

இதன் பிறகு படகு உரிமையாளர் சூரியத் தகடு போட முடிவு செய்தார். கடையில் விசாரித்தபோது, “நூற்றைம்பது வாட் தகடு ஒன்று போதும்” என்றார்களாம். மாமாவுக்கு அந்த ஒற்றை வரி விடையில் நம்பிக்கை வரவில்லை.

“மாப்ளே, நீ கரண்டு பாடந்தானே படிக்கிறே. எத்தனை தகடு வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்லு” என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். ஆகவே படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நினைப்பு உண்டு. மின்னோட்டமும் மின்னழுத்தமும் எனக்குத் தெரிந்தவையே. ஆனால் நம் தேர்வுத் தாளில் வரும் கணக்குகளில் தரவுகளைக் கொடுத்துவிட்டுத்தான் விடையைக் கேட்பார்கள். மாமா கேட்ட கணக்கில் ஒரு தரவுகூட இல்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கணக்கின் பெரும் பகுதி என்பது பிறகு விளங்கியது.

முதலில் செலவைப் பார்

குடும்பத் தலைவி மளிகைச் சாமான் பட்டியல் எழுதும்போது கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவதில்லை. வீட்டில் எத்தனை வாய் என்று பார்த்துத்தான் எழுதுகிறாள். சூரிய மின்சாரத்திற்கும் அதுவே முறை. தகட்டில் தொடங்கக் கூடாது. செலவில் தொடங்க வேண்டும்.

சென்ற மே மாதம் எனக்கு விடுமுறை. மீன்பிடித் தடைக்காலமாகையால் படகும் கரையில் கட்டிக் கிடந்தது. இரவல் வாங்கிய ஒரு மல்ட்டிமீட்டருடன் படகில் ஏறினேன். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே இயக்கி, அது இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தேன். மாமா பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு எத்தனை மணி நேரம் இயங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பினால் கணக்குப் பிழைத்துப் போகும் என்பதை அங்கே கண்டேன். வயர்லெஸ் பேசும்போது 5 ஆம்பியர் இழுக்கிறது. ஆனால் பேசாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 0.4 ஆம்பியர்தான். ஒரு நாளில் பேசுவது மொத்தம் அரை மணி. கேட்பதோ இருபத்து நான்கு மணி. எனவே இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஒரு நாள் செலவு இப்படி வந்தது:

வயர்லெஸ், கேட்கும் நிலை: 5 வாட் × 24 மணி = 120
வயர்லெஸ், பேசும் நிலை: 60 வாட் × ½ மணி = 30
ஜி.பி.எஸ். கருவி: 6 வாட் × 24 மணி = 144
எக்கோ சவுண்டர்: 20 வாட் × 5 மணி = 100
உச்சி விளக்குகள் இரண்டு: 10 வாட் × 12 மணி = 120
தளத்து விளக்குகள் இரண்டு: 40 வாட் × 4 மணி = 160
அறை விளக்குகள் இரண்டு: 10 வாட் × 4 மணி = 40
அடித்தண்ணீர் இறைக்கும் பம்பு: 40 வாட் × ½ மணி = 20
கைப்பேசிகள் எட்டு: ஒன்றுக்கு 25 வீதம் = 200

ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 934 வாட்-மணி. இயந்திரம் ஓடும்போது அதனோடு சுழலும் ஆல்டர்னேட்டரும் மின்சாரம் தரும். ஆனால் அதை நான் வரவில் சேர்க்கவில்லை. இயந்திரம் பழுதாகிப் படகு மிதக்கும் நாளில்தான் வயர்லெஸ் மிகவும் தேவைப்படும். அந்த நாளில் ஆல்டர்னேட்டர் கை கொடுக்காது.

பட்டியலில் ஒரு விந்தையையும் கவனியுங்கள். உயிரைக் காக்கும் வயர்லெஸ் நாள் முழுவதும் தின்பது 150. கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் தொடர்பே இல்லாமல் போகும் கைப்பேசிகள் தின்பது 200! படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே அவை பயன்படுகின்றன. ஆனால் கடலில் ஏழு நாள் இருப்பவனுக்குப் பாட்டும் வேண்டும். பிள்ளையின் முகத்தைப் படத்திலாவது பார்க்கவும் வேண்டும். ஆகையால் அதை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மாமாவும் அடிக்கச் சொல்லவில்லை.

செலவிடாத வாட்

மேலே தளத்து விளக்குகள் இரண்டும் சேர்ந்து 40 வாட் என்று எழுதியிருக்கிறேன். நான் போய்ப் பார்த்தபோது அங்கே இருந்தவை நூறு வாட் ஹாலஜன் விளக்குகள். இரண்டும் நான்கு மணி நேரம் எரிந்தால் 800 வாட்-மணி. அவற்றை இருபது வாட் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால் 160 போதும். வெளிச்சம் குறையாது, நாளைக்கு 640 வாட்-மணி மிச்சம்.

பழைய விளக்குகளை அப்படியே விட்டிருந்தால் மொத்தச் செலவு 1574 ஆகியிருக்கும். இரண்டு விளக்கை மாற்றியதால் அது 934க்கு இறங்கியது. அந்த 640ஐத் தகடு போட்டுச் சம்பாதிக்க வேண்டுமானால், கார்த்திகை மாதத்தில் கூடுதலாக 240 வாட் தகடு தேவைப்படும். இரண்டு விளக்கின் விலை எங்கே, 240 வாட் தகட்டின் விலை எங்கே! “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது பெரியோர் வாக்கு. கடலில் எரிக்கும் விளக்குக்கும் அது பொருந்தும்.

கதிரவனின் வரவு

ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் விந்தையை 1839இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டார். அது கைக்கு உதவும் பொருளாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சூரிய மின்கலம் பிறந்தது. நான்கே ஆண்டுகளில், 1958இல், வான்கார்டு-1 செயற்கைக்கோளில் அது விண்ணுக்கு ஏறியது. அந்தக் கோளில் சாதாரண மின்கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி சில வாரங்களில் ஓய்ந்துபோனது. சூரிய மின்கலத்தால் இயங்கியதோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. கரையோ கம்பியோ இல்லாத வாழ்வுக்குக் கதிரவனே துணை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் கதிரவன் தருவதையும் அளக்கத்தான் வேண்டும். தகட்டின் முதுகில் ‘100 வாட்’ என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் ஒளி விழ வேண்டும். தகட்டின் வெப்பம் 25 டிகிரியில் இருக்க வேண்டும். நாகைக் கடலில் நண்பகல் வெயிலில் தகடு 25 டிகிரியிலா இருக்கும்? 60 டிகிரிக்குப் போய்விடும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கிறது. 35 டிகிரி கூடினால் 14 விழுக்காடு போயிற்று. அதிகச் சூடு அதிக மின்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தகட்டுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை.

அடுத்து உப்பு. அலைத் திவலை காய்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். படகில் நல்ல தண்ணீர் பொன்னுக்குச் சமம். பிறகு கம்பியில் ஓர் இழப்பு, கட்டுப்பாட்டுக் கருவியில் ஓர் இழப்பு, மின்கலத்தில் போட்டு எடுப்பதில் ஓர் இழப்பு. இவற்றையெல்லாம் பெருக்கிப் பார்த்தால், பெயர்ப் பலகையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் விளக்குக்கு வந்து சேர்கிறது.

நாள் முழுவதும் வெயில் ஒரே சீராக இருப்பதில்லை. காலையிலும் மாலையிலும் விழும் மெல்லிய வெயிலையெல்லாம் திரட்டி, அது எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். நம் கடற்கரையில் ஏப்ரல் மாதத்தில் இது ஆறு மணி வரை வரும். நவம்பர், டிசம்பரில் ஏறத்தாழ நான்கு மணி. புயல் சின்னம் வானத்தை மூடிய நாளில் ஒன்றரை மணிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நமது செலவாகிய 934ஐ ஆறால் வகுத்தால் 156. கடைக்காரர் சொன்ன நூற்றைம்பது சரிதான் என்று தோன்றும். ஆனால் அது இழப்பே இல்லாத தகட்டுக்கும் ஏப்ரல் மாத வெயிலுக்கும் போட்ட கணக்கு. மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும் என்பதால் 934ஐச் சம்பாதிக்க 1400 வேண்டும். அதை நான்கால் வகுத்தால் 350. எனவே கார்த்திகை மாதத்திற்கு 350 வாட் தேவை. கடையில் கிடைக்கும் அளவில் 200 வாட் தகடு இரண்டு.

இரு கரை, இரு பருவம்

ஏப்ரல் மாதத்துக்குக் கணக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் எங்கள் கடற்கரையின் தலையெழுத்து இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அதாவது ஆண்டிலேயே வெயில் கொளுத்தும் இரண்டு மாதமும் எங்கள் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. வாடைக் காற்று வீசி, வானம் கறுத்து, அடைமழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில் தொழில் நடக்கிறது.

மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அங்கே கருமேகம் மூடியிருக்கும் மாதங்களில் விசைப்படகுகள் ஓய்வெடுக்கின்றன. மீன் இனப்பெருக்கத்தைக் கருதிப் போட்ட சட்டம், சூரியத் தகட்டின் கணக்கில் இரண்டு கரைகளையும் வேறுபடுத்திவிடுகிறது! ஆண்டுச் சராசரி வெயிலைப் பார்த்துத் தகடு வாங்கும் நாகைப் படகு, தான் கடலில் இல்லாத நாட்களின் வெயிலையும் வரவில் சேர்த்துக்கொள்கிறது. படகு எந்த மாதங்களில் கடலில் இருக்கிறதோ அந்த மாதங்களின் வெயிலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்னும் சூரிய மின்சாரப் பயணியர் படகு ஓடுகிறது. எழுபத்தைந்து பேர் ஏறலாம். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அது மாலையில் துறைக்குத் திரும்பிவிடும்; குறைந்ததைக் கரைக் கம்பியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். தங்கு கடலுக்குப் போகும் படகுக்கு அந்த வசதி இல்லை.

கம்பியும் நிழலும்

நம் ஆய்வுக்கூடத்தில் கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்றை வைத்துக்கொண்டு கம்பியின் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். இதனால் என்ன பயன் என்று நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. பயனைச் சொல்கிறேன். சுக்கான் அறைக் கூரையிலிருந்து மின்கலம் வரை பத்து மீட்டர். போகவும் வரவும் இருபது மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டு 10 ஆம்பியர் ஓடவிட்டால், வழியிலேயே ஏறத்தாழ 1.4 வோல்ட் தொலைந்துபோகும். வீட்டில் 230 வோல்ட்டில் அது காணாமற்போனால் யாருக்கும் தெரியாது. படகில் இருப்பதோ 12 வோல்ட்! ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கம்பியே குடித்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.6 வோல்ட்டுக்குள் அடங்கும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துப் போவதால், ஈயம் பூசிய செம்புக் கம்பியாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஈயம் என்பது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம்.

நிழலும் ஒரு திருடன். தகட்டில் முப்பத்தாறு சிறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கின்றன. கொடிமரத்தின் நிழல் ஒரே ஒரு கலத்தில் விழுந்தாலும், குறுகிய வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல, மற்றக் கலங்களின் மின்னோட்டமும் தடைப்படும். அதனால் இரண்டு தகடு வைத்தால் பக்க இணைப்பாகக் கொடுப்பது நல்லது. ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது உழைக்கும். தகட்டைச் சாய்த்து வைப்பதாலும் பயனில்லை. வீடு திசை மாறாது. படகு நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். படுக்கை வாக்கில் வைப்பதே சரி.

மின்கலம் என்னும் குதிர்

நெல் விளைந்தால் போதுமா? சேர்த்து வைக்கக் குதிர் வேண்டும். ஈய-அமில மின்கலம் 1859இல் பிளாண்டே என்பவர் கண்டது. இன்றும் படகுகளில் உழைக்கிறது. ஆனால் அதை அடிவரை வழித்து எடுக்கக் கூடாது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிப் படிந்து, கலம் விரைவில் மலடாகிவிடும். 150 ஆம்பியர்-மணி மின்கலம் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 300 ஆம்பியர்-மணி. அதில் பாதி 150. பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி. இதுதான் நம் குதிரில் எடுத்துப் புழங்கக்கூடிய நெல்.

இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலத்தை இதிலிருந்து அடியோடு பிரித்துவிட வேண்டும். விதைநெல்லைச் சோற்றுக்கு எடுக்கலாமா? எத்தனை விளக்கு அணைந்தாலும் விடிந்ததும் இயந்திரம் கிளம்ப வேண்டும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார்.

“இது தண்ணிக் கணக்குத்தானே மாப்ளே! ஏழு நாளுக்குப் போனாலும் பத்து நாளுக்குத் தண்ணி ஏத்துவோம். காத்து மாறிப்போச்சுன்னா குளிக்கிறதை நிறுத்துவோம், அப்புறம் முகங்கழுவுறதை நிறுத்துவோம். குடிக்கிற தண்ணியிலே மட்டும் கை வைக்க மாட்டோம்.”

நான் கேட்ட விளக்கங்களிலேயே சிறந்தது அதுதான். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர் அவர். கணக்கின் மிச்சப் பகுதியை அவரே முடித்துக் கொடுத்தார்.

உயிர்க் கணக்கு

மாமா சொன்னபடி பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். குளிக்கும் தண்ணீர் ஒரு பக்கம்; குடிக்கும் தண்ணீர் ஒரு பக்கம். குடிக்கும் தண்ணீர் எவை? வயர்லெஸ் 150, ஜி.பி.எஸ். 144, உச்சி விளக்கு 120, பம்பு 20. மொத்தம் 434. மற்றவை எல்லாம் சேர்ந்து 500.

உச்சி விளக்கு ஏன் இதில் வருகிறது? இரவில் இழுவலை அல்லாத வலையோடு மிதக்கும் படகு, சிவப்பு மேலும் வெள்ளை கீழுமாக இரண்டு விளக்கு ஏற்ற வேண்டும் என்பது உலகம் முழுவதற்குமான கடல் விதி. மலைபோல் வரும் கப்பலுக்கு அந்த இரண்டு பொட்டு வெளிச்சம்தான் இங்கே எட்டு உயிர் இருப்பதைச் சொல்கிறது.

வயர்லெஸ் ஏன் என்று கடற்கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தபோது பல படகுகள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. திரும்பாதவர்களுக்காக அந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்கூட்டியே செய்தி எட்டியதால் படகுகள் கரை திரும்பியிருந்தன. வீடுகளும் தென்னைகளும் போயின, கடலில் இருந்தோர் தப்பினர். செய்தி எட்டுவது வேறு, எட்டாதது வேறு. இப்போது செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் கருவிகளும் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. அதுவும் மின்சாரம் இருந்தால்தான் பேசும். அது மாமாவின் படகுக்கு வரும் நாளில் இந்த உயிர்க் கணக்கில்தான் எழுதப்படும்.

இனி மேகம் மூடிய நாளை எடுத்துக்கொள்வோம். 400 வாட் தகடு, ஒன்றரை மணி வெயில், கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்கு: 400 வாட்-மணி. உயிர்க் கணக்கு 434. ஏறத்தாழச் சரிக்குச் சரி! வானம் கறுத்துக் கிடந்தாலும் வயர்லெசும் உச்சி விளக்கும் அணையாது. ஒரு துளி வெயிலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். குதிரில் உள்ள 1800 நான்கு நாளைக்குத் தாங்கும்.

பாதித் தகடும் முழுக் குதிரும்

கணக்கு முடிந்தது, காசு முடியவில்லை. படகு உரிமையாளர் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். “இந்த வருஷம் ஒரு தகடுதான் முடியும். அடுத்த தகட்டை அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார். தடைக்காலத்தில் வருமானம் இல்லாத தொழிலில் அது நியாயமான சொல்.

மீண்டும் காகிதத்தை எடுத்தேன். 200 வாட் ஒற்றைத் தகடு கார்த்திகை மாதச் சாதாரண நாளில் தருவது 533. உயிர்க் கணக்காகிய 434க்குப் போக நூறு மிஞ்சும். மேகம் மூடிய நாளில் தருவது 200, பற்றாக்குறை 234. ஏழு நாளும் மேகம் மூடினால் மொத்தப் பற்றாக்குறை 1638. குதிரில் 1800 இருக்கிறது. ஆகவே தகட்டைப் பாதியாக்கினாலும், மின்கலத்தைப் பாதியாக்காமல் இருந்தால், உயிர்க் கணக்கு ஒரு பயணம் முழுவதும் நிற்கும்! மற்ற வசதிகளை இயந்திரம் ஓடும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குறைப்பதென்றால் எதைக் குறைப்பது என்பதையும் கணக்கே காட்டிக் கொடுத்தது.

அப்படியே செய்தார்கள். இயந்திரத்துக்குத் தனி மின்கலம். மற்றவற்றுக்கு இரண்டு மின்கலம். பலகையில் இரண்டு பெரிய பொத்தான்கள்: சிவப்புக்குக் கீழே உயிர்க் கணக்கு, வெள்ளைக்குக் கீழே மற்றவை. காலையில் வெயில் ஏறுமுன், வெள்ளைப் பொத்தானை அணைத்துவிட்டு வோல்ட் மீட்டரைப் பார்ப்பது மாமாவின் வேலை. 12.7 என்றால் கலம் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பாதியைத் தொட்டால் அன்று வெள்ளைப் பொத்தான் எழாது. படகில் உள்ள இளைஞர்களும் இதற்கு உடன்பட்டார்கள். இயந்திரம் ஓடும் நேரத்தில் கைப்பேசிகள் வரிசையில் நிற்கின்றன.

சென்ற ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தப் படகு பலமுறை கடலுக்குப் போய் வந்தது. வெள்ளைப் பொத்தான் அணைந்த நாட்கள் உண்டு. சிவப்புப் பொத்தான் அணைந்த நாள் இல்லை.

நண்பர்களே! வாட், வோல்ட், ஆம்பியர் என்று நாம் மனப்பாடம் செய்யும் சொற்கள் தேர்வு அறையோடு முடிந்துபோகின்றன என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளிலும் வயல்களிலும் படகுகளிலும் தரவுகள் கொடுக்கப்படாத கணக்குகள் எத்தனையோ காத்திருக்கின்றன. பம்பு செட்டுக்கு எவ்வளவு, கிராமத்து மருந்தகத்தின் குளிர்பெட்டிக்கு எவ்வளவு என்று யாராவது கேட்கும்போது, முதலில் செலவை அளப்போம். நல்ல நாளை விட்டுவிட்டுக் கெட்ட நாளின் வரவை அளப்போம். எது குடிக்கும் தண்ணீர், எது குளிக்கும் தண்ணீர் என்று அந்த இடத்தில் வாழ்பவரையே கேட்டுப் பிரிப்போம். இதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். கூடவே, இறங்கிப் போய் அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்.